எந்தப் பக்கம் பார்ப்பது? விமானக் கட்டுப்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைகளில் மைக் பிடிக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்குப் பயிற்சி தருகிறவர்களுக்கும், எங்களைப் போன்றவர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவர்களுக்கும்,

என் பயிற்சி விமானமும் ஒரு பயணிகள் விமானமும் நடுவானில் மோதும் அளவுக்கு நெருங்கியதைப் பற்றி ஒரு புகார் கொடுத்தேன். எட்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. "சம்பந்தப்பட்ட இரு விமானங்களுக்கும் டிராஃபிக் தகவல் தரப்பட்டிருக்கிறது. மேல் நடவடிக்கை தேவையில்லை." இரண்டாவது வரி உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. முதல் வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. டிராஃபிக் தகவல் என்றால் அருகில் பறக்கும் மற்ற விமானம் எங்கே இருக்கிறது என்று சொல்வது. அன்றைக்கு அந்த இரண்டு விமானங்களில் ஒன்றில் உட்கார்ந்திருந்தவன் நான். என் காதில் ஒரு வாக்கியம் விழுந்தது, உண்மைதான். அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

17 ஆண்டுகளாகச் சிறிய விமானங்களில் பயிற்சி கொடுத்து வருகிறேன். விமான நிலையத்தின் பெயரையும், அன்று மைக்கில் இருந்தவரைப் பற்றிய எதையும் இங்கே எழுதப் போவதில்லை. யாரையும் மாட்டிவிடுவது என் எண்ணமில்லை. ரேடியோவில் நாம் பேசுவது ஆங்கிலம். ஆனால் டியூட்டி முடிந்து டீக்கடையில் நின்று இதையெல்லாம் அலசும்போது தமிழில்தான் பேசுகிறோம். அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சென்ற ஆடி மாதம், காலை எட்டேகால் இருக்கும். செஸ்னா 152, இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம். இடது இருக்கையில் 19 வயது மாணவி, வலது இருக்கையில் நான். மேற்கே பார்த்த ரன்வே, இடப்பக்க சர்க்யூட், அதாவது ரன்வேயை இடப்பக்கம் வைத்துச் சுற்றும் பாதை. ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் போகும் கட்டமான டவுன்விண்டில், கிழக்கு நோக்கி 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். சூரியன் நேர் முகத்தில். டவர் கூப்பிட்டது: "டிராஃபிக் ஏ.டி.ஆர்., ஃபைனல், ரிப்போர்ட் இன் சைட்." மாணவி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "டிராஃபிக் காப்பிட்", அதாவது கேட்டுக்கொண்டேன், என்று பதில் சொல்லிவிட்டாள். மைக் பட்டனை விட்டதும் என்னிடம் கேட்டாள்: "சார், எந்தப் பக்கம் பாக்கணும்?"

ஏ.டி.ஆர். என்பது ப்ரொப்பெல்லர் வைத்த பயணிகள் விமானம். ஃபைனல் என்பது ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டம். அப்படியென்றால் எங்களுக்கு முன்னால், சற்று இடப்பக்கம். இருவரும் அங்கேதான் தேடினோம். முன்கண்ணாடியில் இருந்த பழைய கீறல்கள் எல்லாம் வெயிலில் மின்னின. புகைமூட்டம், ஒரு ஏரி, அதற்கு அப்பால் கல்குவாரி. விமானம் எதுவும் கண்ணில் படவில்லை. படவும் படாது, ஏனென்றால் அந்த ஏ.டி.ஆர். அங்கே இல்லவே இல்லை. தெற்கிலிருந்து, கண்ணால் பார்த்து இறங்கும் விஷுவல் அப்ரோச்சில் இறங்கி, எங்கள் டவுன்விண்டைக் குறுக்கே வெட்டி, ஃபைனலுக்கு முந்தைய கட்டமான பேஸில் சேர வந்துகொண்டிருந்தது. டவரில் இருந்தவரின் மனக்கணக்கில் அது ஏற்கெனவே ஃபைனலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வானத்தில் இன்னும் எங்கள் வலப்பக்கம் 2 மணித் திசையில் (எங்கள் மூக்கை 12 மணியாக வைத்த கணக்கு) இருந்தது. மாணவியின் இருக்கையிலிருந்து பார்த்தால் அந்த இடத்தை என் தலையும் கதவுக் கம்பமும் சேர்ந்து மறைக்கும்.

ரேடியோவின் அலைவரிசையைச் சரிபார்க்க முன்னால் குனிந்து நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். வெள்ளை வயிறு, சுழலும் இரண்டு ப்ரொப்பெல்லர்கள், இறங்கியிருந்த சக்கரங்கள். ஜன்னலில் ஒரே இடத்தில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தது. "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிக்கொண்டே வலப்பக்கம் சாய்த்து, கீழே இறக்கி, அதன் வாலுக்குப் பின்னால் போனேன். என் மதிப்பில் எங்கள் தலைக்கு மேல் 300 அடி. தரை இறங்கி என்ஜினை அணைத்த பிறகும் அந்தப் பெண்ணின் கை த்ராட்டிலை விட்டு வரவில்லை. விரல் விரலாக நான்தான் எடுத்துவிட்டேன்.

அன்று இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நாங்கள் கிழக்கே 90 நாட், அது வடக்கே ஏறத்தாழ 150 நாட். இரண்டும் நெருங்கும் வேகம் 175 நாட். அதாவது 3 மைல் தூரம் கரைய ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. டவர் கூப்பிட்டபோது எங்களிடம் ஏறக்குறைய அந்த ஒரு நிமிடம் இருந்தது. "டிராஃபிக், டூ ஓ கிளாக், த்ரீ மைல்ஸ், கிராஸிங் ரைட் டு லெஃப்ட், ஏ.டி.ஆர். 72, டிசெண்டிங்." இப்படிச் சொல்லியிருந்தால் ஐந்தாறு நொடி கூடுதலாக ஆகியிருக்கும். மாணவிகூட என்னைத் தாண்டி எட்டிப் பார்த்திருப்பாள்.

நீங்கள் அறியாதது இல்லை, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றை விளக்குகிறேன். டி வகுப்பு வான்வெளியில் கருவிகளை நம்பி ஐ.எஃப்.ஆர். முறையில் பறக்கும் பயணிகள் விமானத்துக்கும், கண்ணால் பார்த்து வி.எஃப்.ஆர். முறையில் பறக்கும் எங்கள் செஸ்னாவுக்கும் நடுவே இத்தனை மைல், இத்தனை அடி இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்று விதி கிடையாது. இரண்டுக்கும் ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்குத் தகவல் தர வேண்டும், அவ்வளவுதான். விலகிப் போவது விமானிகளின் பாடு. அப்படியானால் 70 பேர் உட்காரும் விமானத்துக்கும் எங்களுக்கும் நடுவே இருப்பது உங்கள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். அதைச் சொல்லியாயிற்று என்று டிக் அடித்து மூடிவிட்டால் எங்களுக்கு நடுவே வேறு எதுவும் மிஞ்சவில்லை.

எங்கள் ஊரில் யாராவது போனில் வழி கேட்டால் மளிகைக் கடை அண்ணாச்சி முதலில் என்ன கேட்பார் தெரியுமா? "இப்ப எந்தப் பக்கம் பாத்து நிக்கிறீங்க?" அது தெரியாமல் அவர் வாயே திறக்க மாட்டார். அப்புறம்தான் சோத்தாங்கை பக்கம், பீச்சாங்கை பக்கம், எத்தனை கடை தாண்டி என்பதெல்லாம் வரும். கடிகார முறையின் முழு அறிவும் இதில் இருக்கிறது. கேட்பவரின் மூக்கு 12 மணி, வலத் தோள் 3 மணி, முதுகு 6 மணி. சொல்பவர் எங்கே நிற்கிறார் என்பதற்கு அதில் வேலையே இல்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் டாக் 4444 என்ற நடைமுறை ஆவணம் இதைத்தான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. ரேடாரில் பார்த்து டிராஃபிக் தகவல் தரும்போது முதலில் கடிகாரத் திசை, பிறகு தூரம், பிறகு அது எந்தப் பக்கம் போகிறது, பிறகு உயரமும் விமான வகையும். வகை தெரியாவிட்டால் வேகமா மெதுவா என்றாவது சொல்ல வேண்டும். விமானி தரக்கூடிய பதில்களும் அதிலேயே இருக்கின்றன: லுக்கிங் அவுட் (தேடுகிறேன்), டிராஃபிக் இன் சைட் (தெரிகிறது), நெகட்டிவ் காண்டாக்ட் (தெரியவில்லை). "காப்பிட்" அந்தப் பட்டியலில் இல்லை. முதல் சொல் கழுத்தைத் திருப்பும், அடுத்தது கண் எவ்வளவு தொலைவில் தேட வேண்டும் என்று காட்டும், அதற்கடுத்தது எந்தப் பக்கம் நகரும் பொருளைத் தேடுவது என்று சொல்லும். அந்த வரிசையை வகுத்தவர்கள் விமானியின் உடம்பை நன்றாக அறிந்தவர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சொல்வது எளிது என்று நீங்கள் நினைக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் அனுமதி வாங்கி ஒரு டவரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே ரேடார் திரை இல்லை. ஒரு பைனாகுலர், விமான விவரங்கள் எழுதிய ஸ்ட்ரிப் வரிசை, ஓயாமல் அடிக்கும் தொலைபேசி, காற்றுமானி. ஒரே அதிகாரி ஒரு காதில், நிலையத்தை நெருங்கும் விமானங்களைக் கவனிக்கும் அப்ரோச் பிரிவையும் இன்னொரு காதில் எங்களையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியும் விமானத்தை நம் இடத்திலிருந்து பார்த்து, மனத்துக்குள்ளே அந்த விமானியின் இருக்கைக்குப் போய் உட்கார்ந்து, அவர் மூக்கு எங்கே இருக்கிறது என்று யோசித்து, பிறகு மணி சொல்ல வேண்டும். அதையும் ஒரு நொடிக்குள். வெளியே வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. உங்கள் வேலையின் கடினம் தெரிந்துதான் இதை எழுதுகிறேன். மனத்தால் அப்படி இடம் மாறுவது கடினம் என்பதால்தான் சொல்பவரின் இடத்திலிருந்தே பேசிவிடத் தோன்றுகிறது. "ஃபைனல்" என்று அன்று வந்த சொல் அப்படி வந்ததுதான்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த விபத்தை ஒருமுறை படிக்க வேண்டும். 1978 செப்டம்பர் 25, காலை ஒன்பது மணி, தெளிவான வானம். பி.எஸ்.ஏ. 182 என்ற பயணிகள் விமானம், ஒரு போயிங் 727, தரையிறங்க வந்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு செஸ்னா 172. அப்ரோச் கட்டுப்பாட்டாளர், அந்த செஸ்னா வடகிழக்காகப் போகிறது, 1,400 அடியிலிருந்து ஏறுகிறது என்று விவரமாகச் சொன்னார். விமானிகள் பார்த்துவிட்டதாகச் சொன்னார்கள். உடனே, பார்த்து விலகிக்கொள்ளும் பொறுப்பு அவர்கள் கைக்குப் போனது. பிறகு டவருக்கு மாறினார்கள். டவர் சொன்னது: டிராஃபிக், 12 மணி, ஒரு மைல், செஸ்னா. எந்தப் பக்கம் போகிறது என்ற சொல் அதில் இல்லை. காக்பிட்டுக்குள், நாம் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தானா என்று கேள்வி எழுகிறது. இப்போது தெரியவில்லை என்று பதில். ரேடியோவில், கொஞ்ச நேரத்துக்கு முன் அங்கே இருந்தது என்கிறார்கள். அது நம் வலப்பக்கமாகக் கடந்துவிட்டது என்று நினைக்கிறேன் என்றும் சொல்கிறார்கள். டவரில் இருந்தவரோ, கடந்துகொண்டிருக்கிறது என்று காதில் விழுந்ததாகப் பின்னால் சாட்சி சொன்னார்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். பாஸ்டு, பாஸிங். ஆங்கிலத்தில் சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு ஒலிதான் வேறுபாடு. ரேடியோ அந்தக் கடைசி ஒலியைத்தான் முதலில் தின்னும். தமிழில் கடந்துவிட்டது, கடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் இரண்டுக்கும் நடுவே அரைக் கிணறு தூரம் இருக்கிறது. கடந்துவிட்டது என்றால் நான் இப்போது அதைப் பார்க்கவில்லை என்று பொருள். கடந்துகொண்டிருக்கிறது என்றால் கண் அதன் மேல் இருக்கிறது என்று பொருள். செஸ்னா கடந்து போகவே இல்லை. 727-இன் மூக்குக்குக் கீழே, அதே பக்கம் பறந்துகொண்டிருந்தது. ரேடார் அறையில் மோதல் எச்சரிக்கை 19 நொடி முன்னால் ஒலித்தது. விமானிகள் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்ததால் 727-ஐ யாரும் எச்சரிக்கவில்லை. இரண்டு விமானங்களிலும் தரையிலும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதலில் பழியை விமானிகள் மேல் போட்டது, கண்ணிலிருந்து தவறவிட்டதை அவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை என்று. வாரியத்தின் உறுப்பினர் ஒருவர் அப்போதே ஒத்துக்கொள்ளவில்லை. 1982-இல் வாரியம் தன் முடிவைத் திருத்தியது. ரேடாரில் பிரித்து வைக்க வசதி இருந்தும் கண்ணை நம்பி விடச் சொன்ன நடைமுறையும் காரணத்தில் சேர்ந்தது. செஸ்னா எந்தப் பக்கம் போகிறது என்று கட்டுப்பாட்டாளர் சொல்லாதது துணைக் காரணங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. திசை என்ற ஒரே ஒரு சொல். என் புகாருக்குப் பதில் எழுதியவர் தயவுசெய்து இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். சான் டியேகோவிலும் "தகவல் தரப்பட்டிருந்தது."

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையம். ஒரு சி.ஆர்.ஜே. பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் போடோமேக் ஆற்றின் மேல் மோதி 67 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடம் முன்னால் ஹெலிகாப்டருக்குத் தகவல் போனது: வில்சன் பாலத்துக்குத் தெற்கே சி.ஆர்.ஜே., 1,200 அடி, ரன்வே 33-க்குச் சுற்றி வருகிறது. அந்தச் "சுற்றி வருகிறது" என்ற சொல் ஹெலிகாப்டரின் ஒலிப்பதிவில் கேட்கவில்லை என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். பார்த்துவிட்டோம் என்று ஹெலிகாப்டர் சொன்னது. இரவு, வரிசையாக விளக்குகள். அவர்கள் எந்த விளக்கைப் பார்த்தார்கள்? மோதலுக்கு 20 நொடி முன்னால் டவர் கேட்டது: சி.ஆர்.ஜே. தெரிகிறதா? மணி இல்லை, மைல் இல்லை, எந்தப் பக்கம் என்பதும் இல்லை. அடுத்து, சி.ஆர்.ஜே.யின் பின்னால் போங்கள் என்று சொன்னபோது ஹெலிகாப்டரில் மைக் பட்டன் 0.8 நொடி அழுத்தப்பட்டிருந்ததால் அந்த முக்கியமான சொற்களே அவர்களுக்குக் கேட்காமல் போயிருக்கலாம். இரண்டு விமானங்களும் வேறு வேறு அலைவரிசையில் இருந்ததால் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. ஹெலிகாப்டர் வருகிறது என்று சி.ஆர்.ஜே.க்கு டவர் சொல்லவும் இல்லை.

தவறான மணி சொன்னாலும் அதே ஆபத்துதான். 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கனுக்கு மேலே மோதிய இரண்டு விமானங்களில் ஒன்றான ரஷ்யப் பயணிகள் விமானம் டுப்போலேவ் 154-க்கு 2 மணித் திசையில் டிராஃபிக் என்று சொல்லப்பட்டது. அது வந்தது 10 மணித் திசையிலிருந்து. 71 உயிர்கள். அந்தக் கட்டுப்பாட்டாளர் அன்று தனியாளாக இரண்டு மேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நினைத்தாலும் மனசு கனக்கிறது.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடார் காட்டுவது விமானம் தரைமேல் நகரும் திசையை. விமானியின் மூக்கு வேறு பக்கம் இருக்கலாம். 80 நாட் வேகத்தில் பறக்கும்போது குறுக்கே 20 நாட் ஆடிக் காற்று அடித்தால், மூக்கை 14 பாகைக்கு மேல் திருப்பித்தான் நேர்வழியில் போக முடியும். கடிகாரத்தில் அது அரை மணி. 3 மைல் தொலைவில் முக்கால் மைல் தள்ளித் தேடுவோம். பயணிகள் விமானத்தின் வேகத்துக்கு இது பெரிதில்லை, எங்களுக்குப் பெரிது. திரும்பிக்கொண்டிருக்கும் விமானத்துக்கோ மணியே உதவாது. வடக்கு, தென்கிழக்கு என்று திசைகாட்டியைச் சொல்லுங்கள் என்கிறது அமெரிக்க விதி.

நம் நாட்டுக்கு வருகிறேன். 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. டெல்லியிலிருந்து ஏறிய சவூதி போயிங் 747-உம் இறங்கி வந்த கஜகஸ்தான் ஐ.எல். 76-உம் மோதி 349 பேர் இறந்தார்கள். நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகத்திலேயே இதில்தான் அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள். அங்கே டிராஃபிக் தகவலில் குறை சொல்ல இடமில்லை. லெவல் 150-இல், அதாவது 15,000 அடியில், இருங்கள் என்று கஜக் விமானத்திடம் கட்டுப்பாட்டாளர் சொன்னார், 12 மணி, எதிர்த்திசை, போயிங் 747, தூரம் என்று எல்லாம் சொன்னார். எத்தனை மைல் என்று கஜக் விமானம் திருப்பிக் கேட்டது. 14 என்றார். பிறகு 13 மைல், லெவல் 140 என்றார். 140 என்பது சவூதி விமானத்தின் உயரம், 14,000 அடி. 150-இல் நிற்க வேண்டிய கஜக் விமானம் 140-க்கு இறங்கிவிட்டது. அனுமதியின்றி இறங்கியதே மூல காரணம் என்று நீதிபதி லகோட்டி ஆணையம் சொன்னது. ஆங்கிலம் சரியாகத் தெரியாததால் கட்டுப்பாட்டாளர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டதையும் குறிப்பிட்டது. இதில் என் கருத்து ஒன்று உண்டு: 14, 13, 140 என்று எண்கள் அடுத்தடுத்து விழும்போது, தடுமாறும் காதில் தங்குவது கடைசி எண். அடுத்தவரின் உயரத்தைச் சொன்ன மூச்சிலேயே கேட்பவரின் உயரத்தையும் திரும்பச் சொல்லி முடிப்பது நல்லது. என் மாணவர்களில் பாதிப் பேர் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். முதல் 20 மணி நேரப் பறத்தலில் அவர்கள் காதுக்கு எண்கள் எல்லாம் ஒரே ஓசையாகத்தான் வந்து சேரும்.

அதற்குப் பிறகு டெல்லிக்குப் புதிய ரேடார் வந்தது, வரும் வழியும் போகும் வழியும் பிரிக்கப்பட்டன, பெரிய விமானங்களுக்கு மோதல் தடுப்புக் கருவி கட்டாயமானது. ஆனால் எங்கள் செஸ்னாவில் அந்தக் கருவி கிடையாது. அன்றைய ஏ.டி.ஆர். விமானி பிறகு என்னிடம் பேசினார். அவர் திரையில் எங்கள் புள்ளி இருந்திருக்கிறது. கண்ணில் மட்டும் நாங்கள் படவில்லையாம்.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். "டிராஃபிக் காப்பிட்" என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாங்கள்தான். டவர் கேட்டால் உடனே பதில் போக வேண்டும், தடுமாறக் கூடாது என்று முதல் வகுப்பிலிருந்தே திட்டித் திட்டிப் பழக்குகிறோம். தெரியவில்லை என்று சொல்வதை அவமானமாக்கி வைத்திருக்கிறோம். இப்போது என் மாணவர்கள் "காப்பிட்" என்றால் வகுப்பை நிறுத்திவிடுகிறேன். பார்க்கவில்லை என்றால் நெகட்டிவ் காண்டாக்ட், பார்த்துத் தொலைத்துவிட்டால் உடனே காண்டாக்ட் லாஸ்ட். இதில் உங்கள் உதவி இல்லாமல் எதுவும் மாறாது. "காப்பிட்" என்று நாங்கள் சொன்னதும் நீங்கள் அடுத்த விமானத்துக்குப் போய்விட்டால், அந்தச் சொல் போதும் என்று நாங்கள் கற்றுக்கொண்டுவிடுகிறோம்.

கண்ணைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். மோதல் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே புள்ளியாக நின்று, கடைசி சில நொடிகளில் திடீரென்று விரியும். பார்த்து, அடையாளம் கண்டு, மோதப் போகிறது என்று உணர்ந்து, முடிவெடுத்து, கை அசைந்து, விமானம் திரும்ப 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் சுற்றறிக்கை கணக்கிட்டிருக்கிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லப்பட்ட கண், சொல்லப்படாத கண்ணைவிட 8 மடங்கு திறமையாகத் தேடுகிறது என்று ஆஸ்திரேலிய விபத்து விசாரணை அமைப்பின் 1991 அறிக்கை சொல்கிறது. நீங்கள் சொல்லும் மணிக்கும் மைலுக்கும் அவ்வளவு மதிப்பு இருக்கிறது. தப்பான பக்கத்துக்கு அனுப்பிவிட்டால் அந்த 8 மடங்கும் தப்பான பக்கத்தில் போய்விடும்.

இனி நான் கேட்பவை.

என் புகாரை மறுபடியும் திறக்க வேண்டும். அன்றைய ஒலிப்பதிவை அந்தக் கட்டுப்பாட்டாளர், ஏ.டி.ஆர். விமானி, என் மாணவி, நான் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். யாருக்கும் தண்டனை வேண்டாம், எழுத்தில் வேண்டுமானாலும் உறுதி தருகிறேன். இனிமேல் இப்படிப்பட்ட புகார்களுக்குப் பதில் எழுதும்போது "தகவல் தரப்பட்டது" என்று மட்டும் எழுதாமல், சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, அந்த நொடியில் இரண்டு விமானங்களும் எங்கே இருந்தன என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ரேடார் உள்ள இடத்தில் மணி, மைல், போகும் பக்கம் மூன்றையும் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் விட வேண்டாம். நேரம் இல்லை என்றால் விமான வகையை விடுங்கள், இந்த மூன்றை விடாதீர்கள். ரேடார் இல்லாத டவரில் மேலிருந்து எங்களுக்குத் தெரியும் அடையாளத்தைச் சொல்லுங்கள்: ஏரிக்கு மேலே, குவாரிக்குத் தெற்கே, டோல்கேட்டைத் தாண்டி வடக்கே போகிறது என்று. ஒவ்வொரு விமான நிலையத்திலும் உள்ளூர் விமானிகளோடு உட்கார்ந்து அப்படிப்பட்ட பத்துப் பதினைந்து இடங்களுக்குப் பெயரை ஒத்துக்கொண்டு ஒரு தாளில் அடித்து இரு பக்கமும் ஒட்டிவைப்போம். விமானம் இப்போது இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், போகப்போகும் இடத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.

ஒருவருக்குச் சொன்னால் மற்றவருக்கும் சொல்லுங்கள். "காப்பிட்" என்று நாங்கள் சொன்னால் ஏற்க வேண்டாம், தெரிகிறதா இல்லையா என்று திருப்பிக் கேளுங்கள். திரையில் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் அதைக் கண்ணால் பார்த்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவது முறை கேட்டும் தெரியவில்லை என்று வந்தால், தேடச் சொல்லி விட்டுவிடாமல் வழியை மாற்றுங்கள்: டவுன்விண்டை நீட்டச் சொல்லுங்கள், ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள், இறங்குபவரை ஒரு உயரத்தில் நிறுத்துங்கள். அடுத்தவரின் உயரத்தைச் சொன்னால் எங்கள் உயரத்தையும் கூடவே உறுதிப்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பயிற்சியில் இருக்கும் ஒவ்வொரு புதிய கட்டுப்பாட்டாளரையும் ஒரு நாள் எங்களிடம் அனுப்புங்கள். செஸ்னாவின் இடது இருக்கையில், காலை வெயில் முகத்தில் அடிக்க, டவுன்விண்டில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். பதிலுக்கு என் மாணவர்களை உங்கள் டவரில் ஒரு ஷிஃப்ட் முழுக்க உட்காரவைக்க அனுமதி கொடுங்கள். என்ஜினுக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவை எங்கள் பயிற்சி மையத்திடம் பேசிச் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு. தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விமானப் பயிற்சியாளர்